அடையாறு யாரையும் கூப்பிட்டதில்லை

நான் சொன்ன ஒரு வாக்கியம் பல மொழிகளில் அச்சாகியிருக்கிறது. அதன் பக்கத்தில் என் பேர் எங்கும் கிடையாது. அதை வேறொரு பெண்மணி சொன்னதாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டவள் நான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருந்த வருஷங்களிலும் வெட்கமாகத்தான் இருந்தது. அதனால் எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி அம்மாவோடு இருந்தேன். ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் புதுப்பிக்கும் வேலை, எப்போது போகும் என்று தெரியாது. என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட கர்வம். ஆட்டோவில் போகும்போதுகூட ஆங்கிலத்தில் ஃபோன் பேசுவேன், டிரைவர் கேட்கட்டும் என்று. அப்படிப்பட்டவளிடம் ஒரு தோழி வந்து, லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு எழுதுகிறவர் சென்னைக்கு வந்திருக்கிறார், தமிழை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமாம், வாரத்தில் இரண்டு நாள் போகிறாயா என்று கேட்டால் வேண்டாம் என்றா சொல்வேன்?

எங்கள் வீட்டில் அவரை யாரும் பேர் சொன்னதில்லை. அம்மாவுக்கு அவர் என்றைக்கும் "உன் துரை"தான். "உன் துரை ஃபோன் பண்ணினார்டி, நாளைக்குச் சீக்கிரம் வரணுமாம்," என்பாள். நானும் இங்கே துரை என்றே சொல்கிறேன். துரைத்தனம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது.

நெடுநெடுவென்று இருப்பார், கொஞ்சம் கூன். பத்து நிமிஷம் வெயிலில் நின்றால் முகம் தக்காளியாகிவிடும். கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார். கீழே இருந்த வீட்டுக்காரர்கள் அவருக்குக் காலையில் இட்லி கொடுத்து அனுப்புவார்கள். அவருக்குத் தெரிந்த முப்பது தமிழ்ச் சொற்களும் சாப்பாடு சம்பந்தப்பட்டவை.

அவர் பிறந்தது இங்கிலாந்தின் வடக்கே ஒரு மீன்பிடி ஊரில். அப்பா பஸ் ஓட்டியவர். பதினெட்டு வயதில் காலேஜுக்குப் போகாமல் ஊர் வாரப் பத்திரிகையில் சேர்ந்துவிட்டார். யார் செத்தார்கள், யார் தோட்டத்துப் பூசணி பரிசு வாங்கியது, இதெல்லாம்தான் ஆரம்பத்தில் அவர் எழுதிய செய்திகள். சேர்ந்த முதல் மாதமே ஒரு மரணச் செய்தியில், செத்துப்போன அண்ணன் பேருக்குப் பதிலாக உயிரோடிருக்கும் தம்பி பேரைப் போட்டுவிட்டார். ஆசிரியர் திட்டவில்லையாம். அந்த வீட்டுக்கே போய் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினாராம். கதவைத் திறந்த தம்பி, "செத்துப்போனது நான்தான், உள்ளே வா" என்றாராம். துரை இதை எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் அந்த வாசலில் நின்ற பிறகு, ஒருவர் சொன்னதைத் திருப்பிக் கேட்டுச் சரிபார்க்காமல் அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை.

அந்தச் சரிபார்ப்பு ஒரு சடங்கு மாதிரி நடக்கும். அவர் சுருக்கெழுத்தில் குறிப்பு எடுப்பவர். ஒருவர் பேசி, நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும், பேனாவை நோட்டின் மேல் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பார். "எக்ஸாக்ட் வேர்ட்ஸ்?" என்று கேட்பார். சொன்னவர் சொன்ன அதே சொற்களா என்று அர்த்தம். நான் ஆமாம் என்றால்தான் மேற்கோள் குறி போடுவார். இல்லை, சாராம்சம் என்றால் போடமாட்டார்.

முதல் சில மாதங்கள் நேர்மையாகத்தான் இருந்தேன். பிறகு மெதுவாகக் கை வைக்க ஆரம்பித்தேன். ஒருவர் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னால் ஒரு தடவையாக்குவேன். நடுவில் வரும் வசவை எடுத்துவிடுவேன். ஒரு மீன்காரம்மா கடலைப் பற்றி ஏதோ சாதாரணமாகச் சொன்னதைக் கொஞ்சம் இழைத்துச் சொன்னேன். துரை எழுதிக்கொண்டே, உங்கள் ஜனங்கள் எவ்வளவு அழகாகப் பேசுகிறார்கள் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. எக்ஸாக்ட் வேர்ட்ஸ் என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த தடவை அவ்வளவு கஷ்டமாக இருப்பதில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இது முழுசாகாது. நாங்கள் போன ஆற்றங்கரைகளில், கால்வாய் ஓரங்களில், பேசிய ஜனங்கள் எல்லாரும் கடைசியில் எதையாவது கேட்டார்கள். ரேஷன் கார்டு கிடைக்கவில்லை, கேட்டுச் சொல்லுங்க. தண்ணி லாரி வருவதில்லை, சொல்லி அனுப்புங்க. ஒரு வெள்ளைக்காரர் முன்னால் இப்படிக் கேட்கிறார்களே என்று எனக்கு மானம் போகும். அவர்களுக்காக நான் வெட்கப்பட்டேன். என்ன அதிகாரத்தில் வெட்கப்பட்டேன் என்று அன்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடையாற்றங்கரையில் ஒரு குடியிருப்பை எடுத்துவிட்டு, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே கட்டிய அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. துரை கிளம்பினார். நாங்கள் போனபோது பாதி வீடுகள் இடிந்து கிடந்தன. மீதியை ஒரு வாரத்துக்குள் காலி செய்யவேண்டும். ஜனங்கள் கதவு, ஜன்னல், தகரம் என்று கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மதிய வெயில். ஆற்றின் நாற்றம் தாங்காமல் நான் துப்பட்டாவை மூக்கில் வைத்திருந்தேன்.

வரிசையின் கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண்மணி நின்றார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனால் நான் அவரை "நீ" என்றுதான் கூப்பிட்டேன். அவருக்குப் பின்னால் அவர் மகள், பாடப்புத்தகங்களை ஒரு நைலான் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்த இடத்தை விட்டுப் போவதில் எதை இழப்பதாக நினைக்கிறீர்கள் என்று துரை கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன். அந்த அம்மாள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"வூடு போனா போவுது டீச்சரம்மா. எங்க போனாலும் பொயச்சுக்குவோம். என் பொண்ணு பத்தாவது படிக்குது. இன்னும் ஒன்னர மாசத்துல பரீட்சை. அது முடியறவரிக்கும் எங்கள இங்கியே உட்டு வெச்சா போதும். இவரு பெரிய ஆளுங்களாண்டல்லாம் பேசுவாரு இல்ல? ஒரு வார்த்த சொல்வாரான்னு கேளு."

நான் துரையைப் பார்த்தேன். பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். காலையிலிருந்து ஒன்பது பேரிடம் பேசியாயிற்று, ஒருவரும் அவருக்கு உதவும்படி எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போதே, கட்டுரையை முடிக்க ஒரு நல்ல வரி வேண்டும் என்று சொல்லியிருந்தார். எனக்குத் தலை வலித்தது. இதோ இன்னொருவர், இன்னொரு வேண்டுகோள், பத்திரிகைக்காரர் என்ன கலெக்டரா என்று எரிச்சல் வந்தது. வாயைத் திறந்தேன். ஆங்கிலத்தில் இப்படி வந்தது: "இந்த ஆறு எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும். அந்தப் புது வீட்டுச் சுவர்களுக்கு எங்கள் பேர் தெரியாது."

துரை எழுதவில்லை. ஒரு நிமிஷம் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எழுதினார். பேனாவை நிறுத்தினார்.

"எக்ஸாக்ட் வேர்ட்ஸ்?"

"ஆமாம்," என்றேன்.

அவர் நெஞ்சில் கை வைத்து அந்த அம்மாளுக்கு நன்றி சொன்னார். அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்தது. கேட்டதற்குச் சம்மதம் சொல்கிறார் என்று நினைத்திருக்கவேண்டும். இன்னா சொல்றாரு என்று என்னிடம் கேட்டார். பார்க்கலாம் என்கிறார் என்று ஏதோ முனகிவிட்டு நான் நகர்ந்துவிட்டேன்.

இது இத்தோடு நின்றிருந்தால் வாய்க்கொழுப்பு என்று விட்டுவிடலாம். மறுநாள் காலை, அந்த இடமாற்றத்துக்குப் பொறுப்பான அதிகாரியைப் பார்க்கத் தேனாம்பேட்டைக்குப் போனோம். நல்ல மனிதராகத்தான் இருந்தார். வெளிநாட்டுப் பத்திரிகையில் என்ன வருமோ என்ற பயமும் இருந்தது. காபி வரவழைத்தார். பேச்சின் கடைசியில் அவரே சொன்னார், யாருக்காவது தனிப்பட்ட கஷ்டம் இருந்தால் சொல்லுங்கள், நாலைந்து குடும்பங்களை இரண்டு மாதம் தள்ளி அனுப்புவதில் எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று. துரை உடனே என் பக்கம் திரும்பினார். நேற்று யாராவது ஏதாவது கேட்டார்களா என்றார்.

நான் காபி டம்ளரை மேஜை மேல் வைத்தேன். கேட்டார்கள் என்று சொன்னால், எப்போது, யார், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அப்படியானால் ஆறு பேசியது என்ன என்று கேட்பார். ஆமாம் என்று சொன்ன ஆமாமெல்லாம் ஒவ்வொன்றாக அவிழும். துரையின் முன்னால் நான் பொய்க்காரி ஆவேன். அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்தப் பெண்ணையும் அவள் பரீட்சையையும் நினைத்துப் பார்க்க முடிந்தது, ஆனால் அது எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை.

"இல்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை," என்றேன்.

கட்டுரை வந்தது. அந்த வாக்கியத்தில்தான் முடிந்தது. அடுத்த வாரம் அந்தக் கரையில் லாரிகள் வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த வருஷம் பத்தாம் வகுப்பு முடிவு வந்த நாளில் செய்தித்தாளைப் பிரிக்காமல் அப்படியே மடித்து வைத்துவிட்டேன். அதில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தும்.

அதற்குப் பிறகு துரைக்கே போதாத காலம். பத்திரிகை நஷ்டத்தில் போய், வெளிநாடுகளில் இருந்த ஆட்களை எல்லாம் நிறுத்தியது. மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போனார். கீழ்வீட்டு மாமி அழுதாள். ஊரில் ஒரு வருஷம் வேலையில்லாமல் இருந்ததாகவும், அக்கா வீட்டுக் கூரைக்கடியில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு ஏதோ எழுதுவதாகவும் கடிதம் வந்தது. கட்டுரைகளில் சொல்ல முடியாமல் போனதைக் கதையில் சொல்லிப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். நான் நல்லபடியாக எழுதுங்கள் என்று பதில் போட்டேன். எதைப் பற்றி என்று கேட்கவில்லை.

நாவல் தபாலில் வந்தது. ஓர் ஆற்றங்கரை, ஒரு தாய், ஒரு லாரி. கடைசிப் பக்கத்தில், புத்தகத்தின் கடைசி வரியாக, என் வாக்கியம். பின்னட்டையிலும் அதேதான், பெரிய எழுத்தில். முதல் பக்கத்தில் அவர் கையெழுத்தில், உன் காதுகள் இல்லாமல் இந்தப் புத்தகம் இல்லை என்று எழுதியிருந்தது. என் காதில் எந்தக் குறையும் இருந்ததில்லை. அந்த அம்மாள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அதில் இன்றைக்கும் இருக்கிறது.

புத்தகம் பரிசு வாங்கியது. அவர் பெரிய ஆளாகிவிட்டார். அதற்குப் பிறகு இன்னும் மூன்று நாவல்கள் எழுதினார். பேட்டிக்குப் பேட்டி அந்த ஆற்றங்கரை அம்மாளைச் சொல்வார். பல வருஷம் செய்தி எழுதியும் தன்னால் சொல்ல முடியாததைப் படிக்காத ஒரு பெண்மணி இரண்டு வரியில் சொல்லிவிட்டார், அன்றைக்கே நான் பத்திரிகைக்காரனாக இருப்பது முடிந்துவிட்டது என்பார். நான் அந்தப் பேட்டிகளைக் கம்ப்யூட்டரில் பாதியில் நிறுத்துவேன். பிறகு மறுபடி போட்டுப் பார்ப்பேன். எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் ஒளிக்கப்போவதில்லை. அவ்வளவு பேர் மெச்சுகிற வரி என்னுடையது அல்லவா.

அந்தச் சந்தோஷத்தின் தலையில் குட்டு விழுந்தது நாவல் தமிழுக்கு வரும்போது. இங்கே ஒரு பதிப்பாளர் கேட்டார், துரையும் நீதான் செய்யவேண்டும் என்றார், நானும் ஒப்புக்கொண்டேன். எல்லா அத்தியாயமும் நன்றாகவே வந்தது. கடைசி வரியில் வண்டி நின்றுவிட்டது. எப்படி எழுதினாலும் அந்த அம்மாள் பேசுவது போல இல்லை. ஆங்கிலத்தில் அது யாருடைய வாயிலும் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது. தமிழில் யாராவது ஒருவர் நின்று அதைச் சொல்லவேண்டும், அந்தக் கரையில் அப்படி ஒருத்தரும் இல்லை. ஒரு வாரம் முட்டி மோதிவிட்டு எதையோ எழுதி முடித்தேன்.

அச்சுப் பிழை பார்ப்பதில் அம்மா கெட்டிக்காரி. கூடத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, பென்சிலோடு கடைசிப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே பென்சில் நின்றது.

"ஏண்டி, இப்படி யாராவது பேசுவாளா?"

"மூலத்துல அப்படித்தான்ம்மா இருக்கு."

"உன் துரைக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியாதா? கூட இருந்து கேட்டுண்டுதானே இருந்தே?"

நான் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. சமையலறையில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

போன வருஷம் துரை சென்னைக்கு வந்தார். அவருடைய தமிழ்ப் புத்தகத்துக்கு அடையாறில் ஒரு சின்ன கூட்டம். வருவதற்கு ஒரு மாதம் முன்பே எழுதிவிட்டார், எப்படியாவது அந்த அம்மாளைக் கண்டுபிடி, ஒரு தடவை நேரில் நன்றி சொல்லவேண்டும் என்று. கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவும் செய்தேன். அனுப்பவில்லை. இத்தனை காலமாக அந்த அம்மாளை மறந்ததாக நடித்ததில் அலுத்துப்போயிருந்தேன் என்று நினைக்கிறேன்.

தேடுவது கஷ்டமாகவே இல்லை, அதுதான் அவமானம். ஆற்றோரம் பழைய இடத்துக்கு எதிரில் அதே டீக்கடை இருந்தது. கடைக்காரரிடம் கேட்டேன். ஃபோன் நம்பரே வைத்திருந்தார். அந்த அம்மாள் ஊருக்கு வெளியே இருந்து தினமும் விடிகாலை பஸ் பிடித்து அடையாறுக்கே வந்து மூன்று வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தார். என் கல்லூரி பஸ் போகும் தெருவில். எத்தனையோ காலை நாங்கள் ஒரே சிக்னலில் நின்றிருக்கக்கூடும்.

இரண்டாவது வீட்டு வேலை முடித்துவிட்டு வரும்போது வாசல் கேட் பக்கத்தில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. என்னை ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொண்டார். "வெள்ளக்காரரோட வந்த டீச்சரம்மாதான நீ?" என்றார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கல்யாணமாகி ஒரு குழந்தை, டி.நகரில் துணிக்கடையில் நிற்கிறாள், காலையிலிருந்து கடை மூடும்வரை நின்று நின்று கால் வீங்கிப்போகிறது என்றார். பத்தாவது என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். பரீட்சை மட்டும் பழைய பள்ளிக்கூடத்தில்தான். முதல் இரண்டுக்கும் போய்விட்டாள். கணக்குப் பரீட்சை அன்று பஸ் வரவில்லை, அடுத்த பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது கேட்டை மூடிவிட்டார்கள். அடுத்த வருஷம் எழுது என்று எவ்வளவோ சொல்லியும் மறுபடி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றுவிட்டாள். கணக்கில்தான் அவள் முதல் என்றார்.

துரை வந்திருப்பதைச் சொன்னேன். வருவீர்களா என்று கேட்டேன். வருகிறேன் என்றார். "அவராண்ட ஒண்ணு கேக்கணும்," என்றார். என்ன கேட்கவேண்டும் என்றேன். "அத்த அவராண்டயே கேட்டுக்கறேன். நீதான் எடுத்து சொல்லுவியே."

வீட்டுக்குத் திரும்பும்போது நான் நினைத்தது எதுவும் பெருமைப்படும்படி இல்லை. துரைக்குத் தமிழ் தெரியாது. அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான் ஒருத்திதான். அந்த அம்மாள் என்ன கேட்டாலும் நான் எதையாவது சொல்லலாம், துரை என்ன சொன்னாலும் எதையாவது சொல்லலாம். இரண்டு பேரும் சந்தோஷமாகப் போவார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் வசனம்கூடத் தயார் செய்துவிட்டேன். நன்றாகவே வந்தது, அதுதான் என் தொழில்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு துரை தங்கியிருந்த விடுதியின் வராந்தாவில் சந்தித்தார்கள். துரைக்கு முடி கொட்டியிருந்தது, கூன் அதிகமாகியிருந்தது. அந்த அம்மாளைப் பார்த்ததும் எழுந்து நின்று, அதே மாதிரி நெஞ்சில் கை வைத்தார். அந்த அம்மாள் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். துரை தமிழ்ப் புத்தகத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். பையிலிருந்து அந்தப் பழைய நோட்டையும் எடுத்தார். அந்த வாக்கியம் இருந்த பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு செருகியிருந்தது. நீங்கள் அன்று சொன்ன இந்த வாக்கியம்தான் என்னை எழுத்தாளன் ஆக்கியது என்று சொல் என்றார். வாக்கியத்தைத் தமிழில் அவருக்குச் சொல்லிக் காட்டு என்றார்.

சொல்லிக் காட்டினேன். அந்த அம்மாள் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நானா சொன்னேன்? ஆறு எங்க கூப்புடும், கொசுதான் கூப்புடும்."

துரை ஆவலாக என் முகத்தைப் பார்த்தார். அவர் அப்படிச் சொல்லவில்லையாம் என்றேன். துரை சிரித்தார். பெரிய வார்த்தை சொல்கிறவர்களுக்கு அது ஞாபகம் இருப்பதில்லை என்றார். அதை நான் தமிழில் சொல்லவில்லை. அதற்குள் அந்த அம்மாள் நாற்காலியில் முன்னால் நகர்ந்து துரையைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிட்டார்.

"அன்னிக்கி நான் இவராண்ட ஒண்ணு கேட்டேனே, என் பொண்ணு பரீட்சைய பத்தி. ஒரு வார்த்த சொல்வாரான்னு கேளுன்னு உன்னாண்ட சொன்னேன். நீ பாக்கலாம்னு சொல்லிட்டு பூட்ட. இவரு நெசமா இன்னா சொன்னாரு? அத்த மட்டும் தெரிஞ்சிக்கணும். இப்ப ஒண்ணும் வேணாம்."

தயார் செய்து வைத்திருந்த வசனம் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அந்த அம்மாளின் கை புத்தகத்தின் பின்னட்டையில், நான் தமிழில் எழுதிய அந்தக் கடைசி வரியின் மேல் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் துரையின் பக்கம் திரும்பி, அந்த அம்மாள் இப்போது கேட்டதைச் சொன்னேன். பிறகு அன்று கேட்டதையும், வீடு போனால் போகிறது என்பதிலிருந்து ஒரு வார்த்தை சொல்வாரா என்பது வரைக்கும், ஒன்று விடாமல் சொன்னேன். நோட்டில் இருப்பது அந்த அம்மாள் சொன்னதில்லை, நான் சொன்னது என்றேன்.

துரை நோட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு பழக்க தோஷத்தில் கேட்டார் போலிருக்கிறது.

"எக்ஸாக்ட் வேர்ட்ஸ்?"

"ஆமாம்," என்றேன்.

மறுநாள் நாம் அந்த அதிகாரியைப் பார்த்தோமே என்றார். ஆமாம் என்றேன். நான் உன்னைக் கேட்டேனே என்றார். அதற்கும் ஆமாம்தான் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோட்டை மெதுவாக மூடி மடியில் வைத்துக்கொண்டார். அன்றே தெரிந்திருந்தால் மறுநாள் காலையிலேயே சொல்லியிருப்பேன் என்று சொல், அந்த அதிகாரி செய்தும் கொடுத்திருப்பார் என்று சொல் என்றார்.

"இன்னா சொல்றாரு?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"நீங்க கேட்டது அவருக்குத் தெரியவே தெரியாதுங்கறார். தெரிஞ்சிருந்தா மறுநாளே பெரிய ஆபீசர்கிட்ட பேசியிருப்பேன், அவரும் சரின்னு சொல்லியிருப்பார்ங்கறார். நான்தான் அவர்கிட்ட சொல்லல. வேற என்னவோ சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அந்த அம்மாள் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. நான் கடைசியில் சொன்னது காதில் விழுந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். துரையையே பார்த்துக்கொண்டிருந்தார். துரையின் கண் கலங்கியிருந்தது.

"இத்தினி வருசமா இவரத்தான் திட்டிக்கினு கீறேன்," என்றார். "வெள்ளக்காரன் சிரிச்சிக்கினே முடியாதுன்னுட்டான்னு பொண்ணாண்டயும் சொல்லி வெச்சிருக்கேன். அதுவும் திட்டும். பாவம் இவரு."

எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, துரையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். துரையும் ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றார்.

"தப்பா நெனச்சிட்டேன், மன்னிச்சிக்க சொன்னேன்னு சொல்லு," என்றார் என்னிடம்.

இரண்டு பேரும் நின்றுகொண்டு என் வாயைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்.